வெயிலுக்குப் பழகினவர்கள்

புலம்பெயர்ந்த எங்களுடைய எழுத்தில் பனி கொட்டாத கதை குறைவு. பாரிசில் இருந்து எழுதுகிறவருக்கும் பனி, ஒஸ்லோவில் இருந்து எழுதுகிறவருக்கும் பனி, ரொரன்ரோக்காரருக்குச் சொல்லவே தேவையில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர் போனது, காது விறைத்தது, பஸ் வராமல் இருட்டுக்குள் நின்றது எல்லாம் எழுதியாயிற்று. வெயில் மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது. வெயில் என்றால் பனை, வெயில் என்றால் கிணற்றடி, வெயில் என்றால் அம்மா புழுக்கொடியல் காயவிட்ட முற்றம். வெயில் எங்களுக்கு ஒரு ஏக்கமாய்ப் போய்விட்டது.

அமெரிக்காவில் வந்து விழுந்த எங்களில் சிலருக்கு அது அப்படி இருக்கவில்லை. வெளியில் நின்று வேலை செய்தவர்களைச் சொல்கிறேன். அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு வசனம் வரும்: "எங்கடை ஆக்களுக்கு வெயில் என்ன புதிசே?" முதலாளியும் இதைத்தான் சொன்னார், கூட வேலை செய்தவனும் இதைத்தான் சொன்னான், வேலை செய்தவரே தன்னைப் பற்றிப் பெருமையாய் இதைத்தான் சொன்னார். இந்த வசனம் ஆளைக் கொல்லக்கூடியது என்பதை நான் அறிந்தது 1995 இல்.

நியூ ஜேர்சி மாநிலத்தில் காருக்குப் பெற்றோலைச் சாரதி தானாக அடிக்க முடியாது. 1949 இல் வந்த சட்டம். 2023 இல் ஒரிகன் மாநிலமும் கைவிட்ட பிறகு, இந்தச் சட்டம் அமெரிக்காவில் மிஞ்சி இருப்பது இங்கே மட்டும்தான். சாரதி குளிரூட்டிய காருக்குள் இருந்தபடி கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கிக் காசை நீட்டுவார். வெளியே ஒருவர் நிற்க வேண்டும். எங்கள் காலத்தில் அந்த ஒருவர் பஞ்சாபியாய் இருப்பார், எகிப்தியனாய் இருப்பார், எக்குவடோரில் இருந்து போன மாதம் வந்தவராய் இருப்பார். இடைக்கிடை எங்களைப் போன்ற ஒன்றிரண்டு பேர். ஆங்கிலம் அதிகம் தேவையில்லாத வேலை. "ஃபில் அப்", "ரெகுலர்", "காஷ்" என்ற மூன்று சொல்லோடு ஒரு குடும்பத்தை ஓட்டலாம்.

மேலே கூரை இருக்கிறதே என்று நினைப்பீர்கள். கூரை இருந்ததுதான். ஆனால் சூடு மேலிருந்து மட்டும் வருவதில்லை. தார்த்தரை கீழிருந்து எரிக்கும். வந்து நிற்கிற ஒவ்வொரு காரும் தன் எஞ்சின் சூட்டை உங்கள் முழங்காலில் இறக்கிவிட்டுத்தான் போகும். எல்லாவற்றையும் விட மோசம் காற்றில் இருக்கிற ஈரம். யாழ்ப்பாணத்து வெயிலில் வேர்வை வரும், ஒரு சோளகக் காற்று அடிக்கும், காயும். நியூ ஜேர்சியில் யூலை மாதத்து வேர்வை காய்வதில்லை. சேர்ட் காலையில் நனைந்தால் இரவு கழற்றும் வரை நனைந்தபடிதான். வேர்வை வருவதால் உடம்பு குளிர்வதில்லை, வேர்வை காய்வதால்தான் குளிர்கிறது. இந்தச் சின்ன விஷயத்தை எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருப்பார்கள். விளங்கியது பெற்றோல் பம்பியடியில்தான்.

மன்னார் அண்ணை என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கடற்தொழில் செய்தவர். நடுக்கடலில் நாள் முழுக்க வெயிலில் கிடந்த உடம்பு, கறுத்து இறுகின உடம்பு. அவர் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதும் தஞ்சம் கேட்டார். கேட்டவரை ஒரு தடுப்பு நிலையத்தில் போட்டார்கள். யன்னல் இல்லாத கட்டடம். நாலு மாதத்துக்கு மேல் அவர் சூரியனைப் பார்த்தது எண்ணக்கூடிய தரம். ஒருவாறு வெளியே வந்தபோது யூலை பிறந்துவிட்டது. ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் நாங்கள் சொல்லி, பம்பியில் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை வேலை எடுத்துக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள். சிக்காகோவில் எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் வெயிலில் இறந்துபோன அந்த யூலை நடுப்பகுதிதான். அந்த வெக்கை கிழக்கே எங்கள் பக்கமும் வந்தது. நான் பின்னேர வேலைக்கு இரண்டு மணிக்குப் போனபோது, மன்னார் அண்ணை ஒரு வாடிக்கையாளரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பத்து டொலருக்குப் பெற்றோல் அடித்துவிட்டு இருபது டொலரை மிச்சமாகக் கொடுத்திருக்கிறார். அவன் நல்லவன், காசைத் திருப்பிக் கொடுக்க வந்தான். இவருக்கு அது விளங்கவில்லை. தன்னை ஏமாற்ற வந்திருக்கிறான் என்று கத்துகிறார். மனுசன் சாதாரணமாய்ச் சத்தம் போட்டே பேசமாட்டார்.

நான் கையைப் பிடித்தேன். தோல் கொதித்தது, ஆனால் வேர்வை ஆறாய் ஓடியது. "வலையை இழு தம்பி, நீரோட்டம் மாறுது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி கண்ணாடி அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "குடித்திருக்கிறான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார். மன்னார் அண்ணை குடிக்கிற ஆள் இல்லை.

அந்த நேரத்தில் புல்லு வெட்டும் மெசினுக்குப் பெற்றோல் வாங்க இரண்டு மெக்சிக்கோக்காரர்கள் வந்து நின்றார்கள். பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் மெசின்களும், ஒரு பெரிய செம்மஞ்சள் நிறத் தண்ணீர் வாளியும். அவர்களில் மூத்தவர் அண்ணையின் முகத்தை ஒருதரம் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ஸொல், ஸொல்" என்று மேலே கையைக் காட்டினார். அது அவர்கள் பாசையில் சூரியன். இரண்டு பேருமாய் அண்ணையைத் தூக்கிக் கட்டடத்தின் நிழல் பக்கம் கிடத்தினார்கள். சேர்ட்டைக் கிழித்தார்கள். வாளியைத் திறந்து ஐஸ் தண்ணீரைத் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினார்கள். ஐஸ்கட்டிகளைத் துணியில் சுற்றிக் கக்கத்திலும் கழுத்திலும் வைத்தார்கள். இளையவர் ஒரு கடதாசிப் பெட்டியைப் பிரித்து விசுக்கிக்கொண்டே இருந்தார். நான் 911 க்கு அடித்தேன். அம்புலன்ஸ் வரக் கால்மணி நேரம் ஆனது. வந்தவர், யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். அதைச் செய்திராவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிரயோசனம் இருந்திருக்காது என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது பிக்கப் வண்டி போய்விட்டது. பெற்றோல் அடித்துக்கொண்டு போனார்களோ தெரியாது.

மன்னார் அண்ணை தப்பினார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், சிறுநீரகம் பழைய நிலைக்கு வர மேலும் சில கிழமை எடுத்தது. ஆஸ்பத்திரிக் கணக்கு வந்தபோது, கடலிலேயே செத்திருக்கலாம் என்று பகிடியாய்ச் சொன்னார். பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்.

பின்னர் வந்த வருசங்களில் வேலையாட்களுக்கான ஒரு சனிக்கிழமை வகுப்பில் மொழி உதவிக்குப் போய்வந்தேன். கேட்டும் வாசித்தும் அங்கே தெரிந்துகொண்டவற்றை வைத்துப் பார்த்தால், அன்று நடந்ததில் விளங்காதது ஒன்றுமில்லை.

முதலாவது, வெயிலுக்குப் பழகுவது என்பது பிறப்பாலோ நிறத்தாலோ வருவதல்ல. உடம்பு அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கிறது. ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை வரை நாளாந்தம் வெயிலில் வேலை செய்தால் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வேர்வை முந்தி வரத் தொடங்கும், கூடுதலாய் வரும், அதில் உப்புக் குறையும், இதயத் துடிப்பு அடங்கும். நிழலுக்குள் ஒரு கிழமை இருந்தாலே இந்தப் படிப்புக் கழன்று போகத் தொடங்கும். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். மன்னாரில் நாற்பது வருசம் படித்ததை நாலு மாதத் தடுப்பு நிலையம் அழித்துவிட்டது. அவர் பம்பியடிக்கு வந்தபோது அலாஸ்காவில் இருந்து வந்தவருக்கும் அவருக்கும் உடம்பளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம், அலாஸ்காக்காரனைப் பார்த்து யாரும் "உனக்கு வெயில் புதிசே" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்பு நிறுவனமான ஓஷா இன்று வெளிப்படையாகச் சொல்கிறது: வேலைத்தலத்தில் வெப்பத்தால் இறப்பவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் வேலையின் முதல் நாளிலேயே இறக்கிறார்கள், 70 வீதத்துக்கு மேற்பட்டோர் முதல் கிழமைக்குள். ஆகவே புதிதாய் வருபவருக்கு முதல் நாள் முழு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வெயிலில் வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காய்க் கூட்ட வேண்டும் என்பது பரிந்துரை. இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் கறுப்புத் தொழிலாளரைச் சூட்டுக்குப் படிப்படியாய்ப் பழக்கி இறக்கும் முறையை 1930களிலேயே தொடங்கிவிட்டார்கள். தொழிலாளர் மேல் வைத்த அன்பால் என்று நான் நினைக்கவில்லை. செத்தவன் தங்கம் வெட்டமாட்டான்.

இரண்டாவது, ஆளை அடையாளம் காண்பது. களைப்பு, தலையிடி, சத்தி, கால் குறண்டுதல், தலைச்சுற்று இவையெல்லாம் முதற் படி. அந்த நேரம் நிழலில் இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் ஆள் தேறிவிடுவார். தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஆனால் பேச்சுக் குழம்பினால், காரணமில்லாமல் கோபம் வந்தால், நடை தள்ளாடினால், தெரிந்த ஆளின் பெயர் தெரியாமல் போனால், அது மூளையில் சூடு ஏறிவிட்டதன் அடையாளம். உள்ளுடம்பு 40 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கும். அதுதான் ஹீற் ஸ்ரோக். வேர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் ஹீற் ஸ்ரோக் என்று பலர் இன்னமும் நம்புகிறார்கள். வீட்டுக்குள் புழுக்கத்தில் கிடக்கும் வயோதிபருக்கு அது அப்படி இருக்கலாம். வேலை செய்துகொண்டிருப்பவர் வேர்த்து ஊற்றியபடியே சாகலாம். குடிகாரன் என்று நினைத்துத் தள்ளி வைத்த எத்தனை பேர் இப்படிப் போயிருப்பார்கள்?

அந்த நிலையில் செய்ய வேண்டியது, அம்புலன்சுக்கு அடித்துவிட்டு, வரும்வரை காத்திராமல் நின்ற இடத்திலேயே குளிரவைப்பது. பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் விட்டு ஆளைக் கழுத்தளவுக்கு இறக்கி, தலையைப் பிடித்துக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது. மசாசுசெற்ஸ் மாநிலத்தில் ஃபல்மவுத் என்ற ஊரில் வருசா வருசம் ஓகஸ்டில் ஓட்டப் போட்டி நடக்கிறது. முடிவிடத்தில் ஐஸ் தொட்டிகள் தயாராய் இருக்கும். பதினெட்டு வருசப் பதிவுகளை ஆராய்ந்தபோது ஹீற் ஸ்ரோக் வந்தவர்கள் 274 பேர். ஒருவர்கூடச் சாகவில்லை. பொழுதுபோக்காக ஓடுகிறவனுக்குத் தொட்டி தயாராய் இருக்கிறது. கூரையில் தார் அடிக்கிறவனுக்கு ஒரு வாளி இல்லை.

எங்கள் ஆட்களுக்கென்று ஒன்று: பனடோல் கொடுக்காதீர்கள். காய்ச்சலில் மூளையே உடம்பைச் சூடாக்கி வைக்கிறது, குளிசை அந்த ஏற்பாட்டைத்தான் மாற்றும். இதில் மூளை குளிர் குளிர் என்று கத்திக்கொண்டிருக்கிறது, உடம்பால் முடியவில்லை. குளிசையால் ஒரு பலனும் இல்லை. அறிவு மயங்கினவரின் வாயில் தண்ணீரும் ஊற்றக்கூடாது. பிறெஷருக்குச் சிறுநீர் போகக் குளிசை எடுப்பவர்கள், நீரிழிவுக்காரர், தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் குளிசை போடுபவர்கள் இன்னும் கவனமாய் இருக்க வேண்டும். நாற்பது தாண்டிய எங்களில் இந்தப் பட்டியலுக்குள் வராதவர் யார்?

இவ்வளவும் தெரிந்த பிறகு எனக்கு அப்பாவின் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. புன்னாலைக்கட்டுவன் செம்பாட்டு மண். விடியப்புறம் நாலு மணிக்கு இறைப்பு. வெளிக்கிடும்போது பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்பும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து ஒரு செம்பு. வெயில் ஏறிப் பத்து மணியானால் மம்பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பிறகு சாப்பாடு, வேம்புக்குக் கீழ் சாக்குக் கட்டில். மூன்றரைக்குப் பிறகுதான் திரும்பத் தோட்டத்தில் கால் வைப்பார். ஓஷா சொல்லுகிற முழு விஷயமும் அந்த ஒரு நாளுக்குள் இருந்தது. எங்கள் முன்னோர் விஞ்ஞானிகள் என்று மார்தட்டுவதற்கு நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் பத்து மணி அப்பாவுடையது. அவர் நினைத்தபோது நிறுத்தினார், நினைத்தபோது குடித்தார்.

அதே தோட்டத்தில் கூலிக்கு வந்தவர்களுக்குப் பத்து மணி இருக்கவில்லை. மிளகாய்க் கன்று நட வந்தால் நட்டு முடிய வேண்டும். உச்சி வெயிலில் வரம்பில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தார்கள், சிரட்டையில். கிணறு பத்தடி தள்ளி இருந்தது. அந்தக் கிணற்றில் தாங்களாக அள்ள அவர்களை விடமாட்டார்கள், யாராவது வீட்டுக்காரர் வந்து கையில் வார்க்க வேண்டும். நான் சின்னப் பெடியனாய் இருந்து பார்த்தவை இவை. வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள் அந்த வரம்பில் இருந்திருக்கமாட்டார்கள்.

மகள் கலிபோர்னியாவில் ஃபிறீமொன்றில் இருக்கிறாள். அங்கே யூன் மாதத்திலும் காலையில் ஸ்வெற்றர் போடலாம். கிழக்கே அல்ரமொன்ற் கணவாயின் காற்றாடிகளைத் தாண்டி ஒரு மணி நேரம் காரில் போனால், வளைகுடாவின் குளிர் அப்படியே கழன்று விழுந்து, ஸ்ரொக்ரன், லோடைப் பக்கத்து முந்திரிகைத் தோட்டங்களில் அடுப்பைத் திறந்தது போலிருக்கும். அமெரிக்கா தின்னுகிற திராட்சையும் தக்காளியும் பாதாமும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் விளைகின்றன.

2008 மே 14 அன்று ஸ்ரொக்ரனுக்குக் கிழக்கே ஃபார்மிங்ரன் என்ற இடத்தில் மரியா இசபெல் வஸ்கெஸ் ஹிமெனெஸ் முந்திரிகைத் தோட்டத்தில் விழுந்தாள். வயது 17. மெக்சிக்கோவின் ஒஹாக்காவில் இருந்து வந்தவள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். காலையில் இருந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை, வெப்பம் 95 பாகை பரன்கைற்றைத் தாண்டியிருந்தது. நிழல் இல்லை. தண்ணீர் இருந்தது, பத்து நிமிட நடை தூரத்தில். போய்வர நேரம் கொடுக்கவில்லை. விழுந்த பிறகு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் இல்லை. கொண்டுபோய்ச் சேர்த்தபோது உடம்புச் சூடு 108 பாகை, அதாவது 42 செல்சியஸ். இரண்டு நாளில் இறந்தாள். இரண்டு மாதக் கர்ப்பிணி என்பது அங்கேதான் தெரிந்தது. அவளைக் கலியாணம் செய்ய இருந்த பெடியனும் அதே தோட்டத்தில்தான் வேலை செய்தான், அவள் விழும்போது பிடித்தவன் அவன்தான்.

கலிபோர்னியாவில் அப்போது சட்டம் இருந்தது என்பதுதான் இதில் மனதை உறுத்துவது. 2004 இல் அசுன்சியன் வல்டிவியா என்ற 53 வயதுத் தொழிலாளி 105 பாகையில் பத்து மணி நேரம் திராட்சை பறித்து விழுந்து, அம்புலன்சில் ஏறாமல் மகனின் காரில் வீடு போகும் வழியில் இறந்தார். அடுத்த கோடையிலும் தோட்டங்களில் சாவு தொடர்ந்தது. 2005 இல் வெளிவேலைக்காரருக்கென்று நாட்டிலேயே முதலாவது விதிகளைக் கலிபோர்னியா கொண்டுவந்தது. ஆளுக்கு மணிக்கொரு குவார்ட் தண்ணீர், நிழல், கேட்டால் ஐந்து நிமிடமாவது ஆறுதல். மரியா இசபெல் செத்தது அதற்கு மூன்று வருசம் கழித்து. அவளை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் பகுதியில் இருவர் மேல் வழக்கு வந்தது. 2011 இல் சமூக சேவையும் நன்னடத்தைக் கண்காணிப்பும் தண்டனையாய்க் கிடைத்தன. சிறை இல்லை. சட்டம் பிறகு இறுக்கப்பட்டது: 80 பாகையில் நிழல் கட்டாயம், 95 இல் மேலதிக கவனிப்பு, புதியவரை இரண்டு கிழமை கண்காணித்தல். ஒரு சட்டம் சுவரில் இருந்து இறங்கி வரம்புக்கு வர ஒரு பிள்ளையின் உயிர் வேண்டியிருந்தது.

ரெக்சாஸில் இதற்கு எதிர்ப்பக்கமாய் நடந்தது. கட்டட வேலைக்காரருக்கு நாலு மணி நேரத்துக்கொரு தடவை பத்து நிமிட ஓய்வு என்று ஒஸ்ரின் நகரம் 2010 இலும், டலஸ் நகரம் 2015 இலும் விதி போட்டன. பத்து நிமிடம். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம். 2023 யூன் மாதம், அந்த மாநிலம் வெக்கையில் வெந்துகொண்டிருந்தபோது, இப்படியான நகர விதிகளைச் செல்லாமற் பண்ணும் சட்டத்தில் ஆளுநர் கிறெக் அபொற் கையெழுத்து வைத்தார். அதே யூன் 20 இல் டலஸில் 66 வயதுத் தபாற்காரர் யூஜின் கேற்ஸ் கடிதம் கொடுத்துக்கொண்டு போகையில் ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்து இறந்தார். அடுத்த வருசம் புளோரிடாவும் உள்ளூராட்சிகள் வெப்ப விதி போடாதபடி சட்டம் செய்தது. நாடு முழுவதற்குமான ஒரு விதியை ஓஷா 2024 இல் முன்வைத்தது, ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பச் சுட்டி 80 ஆனால் தண்ணீரும் நிழலும், 90 ஆனால் இரண்டு மணிக்கொருக்கால் பதினைந்து நிமிட ஓய்வும் என்று. 2025 கோடையில் அதன்மேல் பகிரங்க விசாரணை நடந்தது. வல்டிவியாவின் பெயரால் ஒரு மசோதாவும் 2019 இலிருந்து திரும்பத் திரும்பக் காங்கிரசுக்குக் கொண்டுவரப்பட்டது.

தண்ணீர் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது சுகம். கால்மணி, இருபது நிமிடத்துக்கொரு கோப்பை, தாகம் வரும்வரை பார்த்திராமல். மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் போகவும் கூடாது, இரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். எல்லாம் சரி. குடித்தால் போகவும் வேண்டும். பம்பியில் தனியே நிற்கிறவர் கக்கூசுக்குப் போனால் கார்கள் வரிசையில் நின்று ஹோர்ன் அடிக்கும், முதலாளி எட்டிப் பார்ப்பார். ஆகவே குடியாமல் விடுவோம். தமிழ்நாட்டு உப்பளங்களில் வேலை செய்கிற பெண்கள் மறைவிடம் இல்லாததால் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள் என்று சென்னை ஆராய்ச்சியாளர் வித்யா வேணுகோபால் குழுவினர் எழுதியதை வாசித்தபோது, கடல் கடந்தும் ஒரே கதைதான் என்று பட்டது. இப்படி வருசக்கணக்காய் உடம்பைக் காயவிட்டு வேலை செய்வதன் விலையைச் சிறுநீரகம் கட்டும். நிக்கரகுவா, எல் சல்வடோர் கரும்புத் தோட்டங்களில் இளம் ஆண்கள் நீரிழிவும் இல்லாமல் பிறெஷரும் இல்லாமல் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள், வெக்கையில் ஓயாத வேலை அதன் பெரிய காரணமாகப் பார்க்கப்படுகிறது. இலங்கையில் அனுராதபுரம், பதவியாப் பக்கத்து விவசாயிகளிடம் இதைப் போன்ற வருத்தம் 1990களில் இருந்து அறியப்பட்டிருக்கிறது. அங்கே தண்ணீரிலும் மருந்துத் தெளிப்பிலும் காரணம் தேடுகிறார்கள், வெயிலையும் அந்தப் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை.

இப்போது எங்கள் ஆட்கள் பம்பியடியில் குறைவு. பிள்ளைகள் படித்து குளிரூட்டிய அறைகளுக்குள் போய்விட்டார்கள். நல்லது. அவர்கள் வாங்கிய வீடுகளின் புல்லை யாரோ வெட்டுகிறார்கள், கூரையை யாரோ போடுகிறார்கள்.

2024 யூலையில் டலஸுக்கு வடக்கே பிளேனோவில் அக்காவின் மகன் வீட்டில் நின்றேன். வசந்தத்தில் பெய்த ஆலங்கட்டி மழை கூரையை உடைத்துவிட்டது. காப்புறுதிக் காசில் புதிது போட ஆறு பேர் காலை ஆறரைக்கு வந்தார்கள். ஒரே நாளில் முடிக்கும் ஒப்பந்தம். இரண்டு மணிக்கு வெளியே 100 பாகை, கூரையில் எவ்வளவு என்று கடவுளுக்குத் தெரியும். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒரு பெடியன், பதினெட்டு இருக்கும், ஆணியடிக்கும் மெசினை வைத்துவிட்டு இறங்க வந்து, ஏணி இல்லாத பக்கம் போய் நின்றான். பிறகு திரும்பி வந்து மெசினை எடுத்தான். பிறகும் வைத்தான்.

நான் வெளியே போய்க் கங்காணியைக் கூப்பிட்டேன். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். பெடியன் புதிசா என்று கேட்டேன். நேற்றுச் சேர்ந்தவன், ஹொண்டுராஸ் என்றார். "அங்கேயும் இந்த வெயில்தான் ஐயா, அவனுக்குப் பழக்கம்."

இறக்குவித்தோம். கராஜ் கதவைத் திறந்து உள்ளே கிடத்தினோம். மருமகனின் மனைவி குளிர்ப்பெட்டியில் இருந்த ஐஸ் முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாள், தோட்டத்துக் குழாயால் நனைத்தோம். பெயர் கேட்டேன், சொன்னான். இன்று என்ன கிழமை, சொன்னான். அம்மாவின் ஊர், அதையும் சொன்னான், சொல்லும்போது சத்தி எடுத்தான். குழப்பம் இல்லை. அம்புலன்ஸ் வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான், ஏன் என்று எங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பேச்சு ஒரு சொல் மாறினாலும் கூப்பிடுவேன் என்று சொல்லிப் பக்கத்திலேயே இருந்தேன். முக்கால் மணியில் எழும்பி இருந்தான்.

மருமகன் வேலைத் தொலைபேசியை முடித்துக்கொண்டு கீழே வந்தான். பாதிக் கூரை திறந்து கிடந்தது, இரவுக்கு மழை என்று சொல்லியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தான். "சரி மாமா" என்றான். கங்காணியிடம் போய், இண்டைக்குப் போதும், மிச்சத்தை நாளைக்குக் காலையில் முடியுங்கோ, கூடுகிற காசை நான் தாறன் என்று சொன்னான்.

அன்று இரவு கூரையில் நீலத் தறப்பாள் கிடந்தது. மருமகன் இரண்டு தரம் எழும்பி வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான். மழை பெய்யவில்லை. காலை ஆறரைக்கு அதே வான் வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். பெடியன் எங்கே என்று கேட்டேன்.

"அவனுக்கு இனி இங்கே வேலை இல்லை" என்றார் கங்காணி.